கட்டியவரே கழற்றினார்

அண்ணாமலையாரை நம்பி வாழும் என் சொந்தங்களே, நான் பணிவாகப் பேசத் தெரிந்தவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் பட்டாசு டீச்சர். சாமியிடமும் அப்படித்தான் இருந்தேன். கும்பிட்டதைவிடச் சண்டை போட்டதுதான் ஜாஸ்தி. அப்படிப்பட்டவளுக்கும் அவர் இரங்கினார். அதைச் சொல்லாமல் இருந்தால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம், ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் என் மாமியார் பச்சையம்மாவும் காலையில் குளித்துவிட்டுக் கிரிவலம் கிளம்பினோம். ஆசிரமத்தைத் தாண்டி, வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் வீடுகள் இருக்கும் இடத்தில் நடந்துகொண்டிருந்தோம். நல்ல வெயில் வந்துவிட்டது. பின்னால் பைக் சத்தம் கேட்டது. ஒதுங்கினேன். அதற்குள் என் பிடரியில் ஒரு கை விழுந்தது.

பைக்கில் வந்த இருவரில் பின்னால் இருந்தவன் தாலிச் சரடைப் பிடித்து இழுத்தான். தங்கச் சரடு மட்டும் என்றால் அந்த இழுப்பிலேயே அறுந்திருக்கும். ஆனால் சரடு என்றைக்காவது அறுந்துவிடுமோ என்ற பயத்தில், என் மாமியார் சொல்லி, அதோடு மஞ்சள் கயிற்றையும் சேர்த்து முறுக்கிக் கட்டியிருந்தேன். அது அறுந்துபோகவில்லை. என் தலை பின்னால் போய் முன்னால் வந்தது. கழுத்துக்குள் ஏதோ மளுக்கென்று நழுவியது எனக்கே கேட்டது. இரண்டு கையாலும் தாலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மாமியார் பின்னால் ஓடி வந்துகொண்டே கத்தினார். "விடாத விஜயா, புடிச்சுக்கோ. உயிரே போனாலும் விடாத."

நான் விடவில்லை. அவனும் விடவில்லை. பைக் போய்க்கொண்டே இருந்தது. தார் ரோட்டில் என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். முழங்கால் தோல் உரிந்தது. புடவை கிழிந்தது. மூச்சு அடைத்துக் கண் இருட்டியது. வேகத்தடையில் பைக் தடுமாறியது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் என் மேலேயே விழுந்தான். ஓட்டியவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிட்டான். கீழே விழுந்தும் இவன் கை சரடில்தான் இருந்தது. நான் அவன் மணிக்கட்டைக் கடித்தேன். பல் இறங்கியது. வாயெல்லாம் ரத்தம்.

டீக்கடையில் இருந்தவர்களும் ஆட்டோக்காரர்களும் ஓடி வந்தார்கள். அவனைத் தூக்கி நிறுத்தி விளக்குக் கம்பத்தில் கட்டினார்கள். அப்புறம் அடி. கையில் கிடைத்ததால் எல்லாம் அடித்தார்கள். அவன் மூக்கு உடைந்தது. ஒரு கண் மூடிக்கொண்டது. மாடியிலிருந்து இறங்கி வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, "போதும், போதும்" என்று தமிழில் அழுதார். யார் காதிலும் விழவில்லை. நானும் அங்கே கிடந்த யாருடைய செருப்பையோ எடுத்துக்கொண்டு போய் அவன் முகத்தில் அடித்தேன். கை ஓயும்வரை அடித்தேன். பாவம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. போலீஸ் வந்துதான் அவனை உயிரோடு பிரித்துக்கொண்டு போனது.

அடுத்து நடந்ததுதான் எங்கள் வீட்டின் கூத்து. தாலி தப்பியது என்று தெரு முழுக்க ஒரே சந்தோஷம். மாமியார் அன்றைக்கே உண்ணாமுலை அம்மனுக்கு அபிஷேகத்துக்குச் சொல்லிவிட்டார். கீழ்பென்னாத்தூரிலிருந்து நாத்தனார்கள் பூவும் பழமுமாக வந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து என் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கழுத்தைச் சுற்றி ரத்தம் கட்டிச் சாட்டையால் அடித்தது மாதிரித் தடித்திருந்த இடத்தில் மஞ்சள் பூசிவிட்டுப் போனார்கள். கழுத்து திரும்புகிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கே அந்தப் பெருமையில் வலி பெரிதாகத் தெரியவில்லை. முழங்காலுக்கு மருந்து போட்டதோடு சரி.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. என் வீட்டுக்காரர் ஏழுமலை கீழ்பென்னாத்தூரில் மணிலா மண்டி வைத்திருக்கிறார். வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் மணிலா என்போம். மண்டியில் உத்தரம் வரை அடுக்கி வைத்திருந்த மூட்டைகள் மொத்தமாகச் சரிந்தன. கீழே நின்றவர் இவர். பக்கத்தில் இருந்த எடைத் தராசு நசுங்கிப்போனது. மூட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பிணத்தைத்தான் தேடினார்கள். இவர் சுவர் ஓரத்து இடுக்கில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

செய்தி கேட்டதும் மாமியார் என் காலில் விழ வந்தார். நான் பதறிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"தாலி தங்குச்சு, அதான் எம்புள்ள தங்கனான்" என்றார். "நீ மட்டும் அன்னிக்கு வுட்டிருந்தின்னா இன்னிக்கு இந்த வீட்ல ஒப்பாரிதான்."

அந்தப் பேச்சு என் மனசில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. படித்தவள்தான் நான். ஆனாலும் நம்பினேன். தாலி கழுத்தில் இருக்கிறவரை அவர் இருப்பார். இறங்கினால் போய்விடுவார். அதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை.

ஆவணியில் வலி ஆரம்பித்தது. முதலில் பிடரியில் பிடிப்பு. பிறகு வலது தோளில் இறங்கி, கை வழியாகக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் போனது. சுளுக்கு என்று சொல்லி ஒருவரிடம் கூட்டிப்போனார்கள். அவர் எண்ணெய் தடவி, என் தாடையை ஒரு கையிலும் பின்மண்டையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, பேச்சுக் கொடுத்தபடியே சடக்கென்று திருப்பினார். நான் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். கொதிக்கும் எண்ணெயைத் தோளிலிருந்து விரல் வரைக்கும் ஊற்றியது போல இருந்தது. அதற்குப் பிறகு அந்த வலி என்னை விடவே இல்லை.

வலி என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது. அது என்னை அடித்தது. தும்மினால் அடித்தது, இருமினால் அடித்தது, கரும்பலகையைப் பார்க்கத் தலையைத் தூக்கினால் அடித்தது. படுக்க முடியாது. சுவரில் தலையை முட்டிக்கொள்வேன். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது கை வெட்டி இழுத்தது. குழம்புச் சட்டியோடு தூக்கிச் சுவரில் எறிந்தேன். என் வீட்டுக்காரர் துணி எடுத்துவந்து சுவரைத் துடைத்தார். அதற்கும் அவரைத் திட்டினேன்.

பிறகு கை செத்துப்போக ஆரம்பித்தது. சாக்பீஸ் தானாக விரலிலிருந்து நழுவும். எனக்குத் தெரியாது, பிள்ளைகள் சிரித்தால்தான் தெரியும். டம்ளரைத் தூக்க முடியவில்லை. ஜாக்கெட் ஊக்கு போட முடியவில்லை. உள்ளூர் டாக்டர் கழுத்துக்குப் பட்டை போட்டார், மாத்திரை கொடுத்தார், தாடையில் வாரைக் கட்டி எடைக்கல் தொங்கவிட்டுக் கழுத்தை இழுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. வேலூருக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். கழுத்தெலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கி, கைக்குப் போகிற நரம்பை நசுக்கிக்கொண்டிருக்கிறது என்றார்கள். அந்த இழுப்பில் வந்ததுதான் என்றார்கள். இப்படியே விட்டால் கை திரும்பாது. கழுத்தைத் திறந்து, அந்த டிஸ்க்கை எடுத்துவிட்டு, இடுப்பெலும்பில் கொஞ்சம் வெட்டி வைத்துத் தகடு போட வேண்டும் என்றார்கள்.

கழுத்தைத் திறப்பது என்றதும் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

எனக்கு ஒரே ஒரு விதத்தில்தான் வலி கம்மியாகும். வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மூச்சு விடலாம். ஆனால் எங்கள் வீட்டில் அதற்கும் வழி இல்லை.

"தலைல கைய வெச்சிகினு குந்தாதம்மா. வீட்டுக்கு ஆகாது" என்பார் மாமியார்.

"ஆகாட்டி போவட்டும் அத்த. எனுக்கு கை போயிகினு இருக்குது" என்று கத்துவேன்.

"கைதானேம்மா. தாலிக்கு ஒண்ணும் ஆகலியே."

அவர் கெட்டவர் இல்லை. சின்ன வயசிலேயே புருஷனைப் பறிகொடுத்து, கழனி வேலை செய்து பெண்களையும் இந்த ஒரே மகனையும் வளர்த்தவர். அவருக்கு உலகத்தில் இருந்த பயம் அது ஒன்றுதான். ஆனால் அன்றைக்கு அந்தப் பேச்சைக் கேட்டதும் அவரைக் கொன்றுவிடலாம் போல இருந்தது.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். அம்மன் சன்னிதி வரிசையில் நின்றேன். கும்பிடக் கை சேரவில்லை. இடது கை மேலே வந்தது. வலது கை வரமாட்டேன் என்றது. ஒற்றைக் கையோடு நின்று அம்மனிடம் மனசுக்குள் சத்தம் போட்டேன். 'நீ குடுத்த தாலிய நான் காப்பாத்தினேன். ரோட்ல இழுபட்டுக் காப்பாத்தினேன். நீ என் கைய காப்பாத்த மாட்டியா? உனுக்கு கண்ணு இல்லியா? இந்த கை போச்சுன்னா இனிமே உன் வாசல மிதிக்க மாட்டேன்.' வேண்டுதல் இல்லை அது. மிரட்டல்தான்.

திட்டி முடிப்பதற்குள் வலி வெட்டியது. இடம் பொருள் பார்க்காமல் கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டேன். சன்னிதியில் அப்படி நிற்பதைப் பார்த்து ஒருவர் முகம் சுளித்தார். எனக்குப் பின்னால் நின்ற அம்மா மட்டும் முன்னால் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"கழுத்து டிஸ்க்காம்மா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படிம்மா தெரியும்?"

"எந்தம்பி இதே மாதிரிதான் கைய தலைல வெச்சிகினு நிப்பான். பஸ்ல, கடையில, எங்க பார்த்தாலும். இப்ப நல்லா இருக்கான். மெட்ராஸ்ல ஒரு டாக்டர், கழுத்த கிழிக்காம, பென்சில் மொத்தத்துக்கு ஒரு குழாய வுட்டு, அதுலயே பார்த்துகினு எடுத்துட்டாரு. மயக்கம்கூட குடுக்கல."

வீட்டுக்கு ஆகாது என்று என் மாமியார் தடுத்த அந்தக் கைதான் அந்த அம்மாவை என்னிடம் பேச வைத்தது. டாக்டரின் பேரையும் இடத்தையும் சொல்லிவிட்டு அவர் பிரகாரத்துக் கூட்டத்தில் போய்விட்டார். அவர் பேரைக்கூட நான் கேட்கவில்லை. யார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அம்மன் அனுப்பிய ஆள் என்றுதான் நான் நம்புகிறேன்.

சென்னைக்குப் போனோம். டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். ஊசியால் என் விரல்களைக் குத்திப் பார்த்தார். கட்டை விரலில் ரத்தம் வந்தும் எனக்கு வலிக்கவில்லை. என்னைவிட டாக்டர் முகம்தான் மாறியது. எண்டோஸ்கோப் குழாய் வழியாகப் பிதுங்கிய துண்டை மட்டும் எடுக்கலாம், எலும்பு வைக்க வேண்டாம், தகடு வேண்டாம், எல்லாருக்கும் இது பொருந்தாது, உங்களுக்குப் பொருந்தும் என்றார். இனித் தள்ளிப் போடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். நாள் குறித்தோம். மாமியாரும் கூடவே வந்தார்.

ஆபரேஷன் காலையில் பச்சை உடுப்பு மாட்டி உட்கார வைத்திருந்தார்கள். நர்ஸ் வந்தார். "தாலிய கழட்டிடுங்கம்மா. குழாய் முன் கழுத்து வழியாதான் போகும். எக்ஸ்ரே வெச்சுப் பார்த்துகிட்டே பண்ணுவாங்க, தங்கம் இருக்கக் கூடாது" என்றார்.

இடது கையால் தாலியைப் பொத்திக்கொண்டேன். கழுத்து ஆபரேஷனுக்கு வந்தவளுக்கு இது தோன்றாமல் போனதே என்று நீங்கள் கேட்கலாம். தோன்றவில்லை. எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மாமியார் பாய்ந்து வந்தார். என் தாலியை முஷ்டிக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். செத்த கையோடும் செத்த கழுத்தோடும் உட்கார்ந்திருக்கிற என்னை அவர் அப்படிப் பிடித்ததில் எனக்குப் பொறி கலங்கியது.

"எவளும் கிட்ட வராதீங்க" என்று நர்ஸைப் பார்த்துக் கத்தினார். "இத்த கழட்டறதுன்னா இன்னான்னு தெரியுமா உங்களுக்கு? எனுக்குத் தெரியும். நாலு பேரு ரெண்டு பக்கமும் புடிச்சிகினாங்க. பூவ பிச்சாங்க. வளையல கல்லுல வெச்சு ஒடைச்சாங்க, கையில கண்ணாடி ஏறிச்சு. தாலிய அறுக்கும்போது வேணாம் வேணாம்னு கெஞ்சினேன். என் வாய பொத்திட்டு அறுத்தாங்க. இவன் என் மடியில பால் குடிச்சிகினு இருந்தான். இன்னொரு தபா இந்த வீட்ல தாலி எறங்கறத நான் பார்க்க மாட்டேன்."

இத்தனை வருஷத்தில் அவர் இதை என்னிடம் சொன்னதே இல்லை. கழற்றினால் கை பிழைக்கும், என் வீட்டுக்காரர் போய்விடுவார். கழற்றாவிட்டால் கை போகும். கையா, புருஷனா? எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவே இல்லை. ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று எழுந்தேன்.

நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டேன். அதுவரை சாமியிடம் நான் கத்தித்தான் பழக்கம். அன்றைக்குக் கத்தத் தெம்பு இல்லை. 'அண்ணாமலையாரே, என்னால முடியல. நீங்களே ஒரு வழி சொல்லுங்க' என்றேன். அவ்வளவுதான். வாழ்க்கையில் முதல் தடவையாக மிரட்டாமல் கேட்டேன்.

கண்ணைத் திறந்தபோது என் வீட்டுக்காரர் எதிரில் நின்றார். அதிகம் பேசாத மனுஷர். அம்மாவின் முஷ்டியை மெதுவாகப் பிரித்தார்.

"வுடும்மா" என்றார். "அன்னிக்கு உனுக்கு அறுத்தாங்க. இங்க யாரும் அறுக்கல. கட்டனவன் நான் உயிரோட நிக்கறேன் இல்ல. நானே கழட்டறேன்."

"டேய், வேணாண்டா. தாலிய கீழ வெக்கக் கூடாதுடா."

"கீழ வெக்க மாட்டேன்."

என் பின்னால் வந்து, முறுக்கிக் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். அது இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தார். தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அத்தனை பேர் பார்க்க, தன் கழுத்தில் போட்டு முடிச்சிட்டுக்கொண்டார்.

"எதுவா இருந்தாலும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். நீ போ, விஜயா" என்றார்.

தீபத்தன்று சாயங்காலம் ஆணும் பெண்ணும் ஒரே உடம்பாய் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து ஆடிவிட்டு உள்ளே போவதை எத்தனையோ தடவை கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு பார்த்திருக்கிறேன். ஒரு தடவையும் எனக்கு அழுகை வந்ததில்லை. அன்றைக்கு மீசை வைத்த அந்த மனுஷர் கழுத்தில் மஞ்சளும் தங்கமுமாகத் தாலி தொங்கியதைப் பார்த்தபோது குலுங்கிக் குலுங்கி அழுதேன். கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது என்று தெரிந்துவிட்டது. அதற்கு அப்புறம் எனக்குப் பயமே இல்லை.

உள்ளே நடந்தது சுகமான காரியம் இல்லை. முழு மயக்கம் கிடையாது. மரத்துப்போக ஊசி மட்டும். நான் பேச வேண்டும், விரலை ஆட்டிக் காட்ட வேண்டும் என்பதற்காக. டாக்டர் இரண்டு விரலால் என் தொண்டையின் பக்கவாட்டில் அழுத்தி, மூச்சுக்குழாயை ஒரு ஓரமாகத் தள்ளிப் பிடித்தார். கழுத்தை நெரிப்பது போலவே இருந்தது. பைக்கில் வந்தவன் கை ஞாபகம் வந்து உடம்பு விறைத்தது. எழுந்து ஓடப் பார்த்தேன்.

"ஆடாதீங்கம்மா. இப்ப ஆடவே கூடாது. மூச்ச மட்டும் விடுங்க" என்றார் டாக்டர்.

'அருணாசலா, அருணாசலா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கிடந்தேன். ஊசி எலும்பு வரை இறங்குவது தெரிந்தது. அதன்மேல் குழாய் இறங்கியது. தண்ணீர் ஓடுகிற சத்தம். உள்ளே எதையோ கவ்விக் கவ்வி இழுத்தார்கள். ஒரு இழுப்பில் தோளிலிருந்து விரல் நுனிவரை மின்னல் வெட்டியது. அம்மா என்று அலறிவிட்டேன்.

அலறி முடித்தபோது வலி இல்லை.

சொன்னால் நம்பமாட்டீர்கள். மாதக்கணக்காக என்னை அடித்துக்கொண்டிருந்தது ஒரு நொடியில் கையை எடுத்துவிட்டது. அவ்வளவு அமைதி. "கட்டை விரல ஆட்டுங்க" என்றார் டாக்டர். ஆட்டினேன். "என் விரல புடிங்க" என்றார் பக்கத்தில் நின்ற நர்ஸ். பிடித்தேன். "வலிக்குதும்மா, வுடுங்க" என்று சிரித்தார். வெளியே எடுத்ததைச் சின்னக் குப்பியில் காட்டினார்கள். தேங்காய் வழுக்கைத் துணுக்கு மாதிரி வெள்ளையாக ஒரு துண்டு. இதற்கா இந்த ஆட்டம் ஆடினேன் என்று இருந்தது. கழுத்தில் ஒரே ஒரு சின்ன பிளாஸ்திரி.

வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது இவர் பெஞ்சில் நேராக உட்கார்ந்திருந்தார். தாலியைச் சட்டைக்கு உள்ளே மறைக்கக்கூட இல்லை. வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்த்துவிட்டுப் போனார்கள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, மகன் மூச்சு விடுகிறானா என்று பார்க்கிற மாதிரி அவர் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லையாம்.

காயம் ஆறும்வரை கழுத்தில் எதுவும் போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரைக்கும் தாலி அவர் கழுத்திலேயே இருந்தது. பஸ்ஸில் அப்படியே ஊருக்கு வந்தார். மண்டிக்கும் அப்படியே போனார். மூட்டை தூக்குகிறவர்கள் கேலி பண்ணினார்கள். "இன்னா மொதலாளி, புள்ளாண்டிருக்கியா?" என்று ஒருத்தர் கேட்டாராம். "ஆமா, உனுக்கு அத்தை பொண்ணு பொறக்கப் போவுது" என்றாராம் இவர். பேசாத மனுஷருக்குப் பேச்சும் வந்துவிட்டது.

கார்த்திகை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை, அம்மன் சன்னிதியில் திரும்பவும் கட்டுவது என்று முடிவு பண்ணினோம். நாத்தனார்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். மாமியார் வழக்கம்போலத் தூண் மறைவில் ஒதுங்கி நின்றார். நல்ல காரியத்தில் அவர் எதிரில் வரமாட்டார். எங்கள் கல்யாணத்திலேயே சமையல்கட்டை விட்டு அவர் வெளியே வரவில்லை. அன்றைக்கு அது எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. இப்போது பொறுக்கவில்லை.

"அத்த, இங்க வாங்க" என்றேன். "அவரு கழுத்துலேர்ந்து நீங்க கழட்டிக் குடுங்க. உங்க கையால."

"ஐயோ, நான் தொடக் கூடாதும்மா."

பெரிய நாத்தனாரும் ஆகாது என்றார். "அன்னிக்கு ஆஸ்பத்திரில முஷ்டில புடிச்சாங்களே, அப்ப யாருக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டேன். சன்னிதி என்றும் பார்க்காமல் சத்தமாகத்தான் கேட்டேன்.

போய் அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். வர மறுத்தார். திமிறினார். நான் விடவில்லை. சாக்பீஸைக்கூடப் பிடிக்க முடியாத அதே வலது கைதான். கழனி வேலை செய்து காய்த்துப்போன அவர் கையை அது இறுக்கிப் பிடித்திருந்தது. கடைசியில் மகன் கழுத்திலிருந்து முடிச்சை அவிழ்த்து அவர் தாலியை எடுத்தார். அவர் கையில் அது இருந்தது. என் வீட்டுக்காரர் நின்றார், மூச்சு விட்டார், சிரித்தார். ஒன்றும் ஆகவில்லை. மாமியார் மகன் முகத்தையும் கையில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்த இடத்திலேயே உட்கார்ந்து, வாயைப் பொத்த ஆள் இல்லாமல், சத்தம் போட்டு அழுதார். அத்தனை வருஷத்து அழுகை. குருக்கள் தீபாராதனையை நிறுத்தி அவர் முடிக்கும்வரை காத்திருந்தார்.

அன்பான சொந்தங்களே, நான் கேட்டது ஒரு கை. அண்ணாமலையார் கொடுத்தது அதைவிட ஜாஸ்தி. வலி வந்தால் டாக்டரிடம் போங்கள். அந்தக் கையும் அவர் அனுப்பும் கைதான். யாராவது உங்கள் சரடை இழுத்தால் விட்டுவிடுங்கள், தங்கம்தான் போகும். பயம் வந்தால் அண்ணாமலையாரிடம் போங்கள். பூ இல்லாவிட்டாலும் போங்கள், பாட்டுத் தெரியாவிட்டாலும் போங்கள். கோபம் இருந்தால் என்னைப் போலச் சண்டை போடுங்கள், அவர் தாங்குவார். கத்திக் கத்தித் தெம்பு போனபிறகு, என்னால் முடியவில்லை என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். கண்ணைத் திறக்கும்போது அவர் உங்கள் வீட்டு ஆள் முகத்தோடு எதிரில் நிற்பார்.